ஓட்டங்களுக்கும் ஒரு விலை: சூதுக்கும் சந்தைக்கும் நடுவே நூறாண்டுக் கோடு



இந்த மாத உரைக்கு நான் வேறொரு தலைப்பைத்தான் எடுத்து வைத்திருந்தேன். அதை மாற்ற வைத்தவன் என் மருமகன். தமக்கையின் மகன், நியூ ஜேர்சியில் கணினித் துறையில் வேலை. விடுமுறைக்கு ரொறன்ரோ வந்திருந்தான். இரவுச் சாப்பாடு முடிந்து எல்லோரும் தேநீரோடு கதைத்துக்கொண்டிருக்க, மெல்ல என் பக்கத்துக் கதிரையில் வந்து அமர்ந்தான்.

"மாமா, ஒரு வரிக் கேள்வி. இதை முதலீட்டு நட்டம் எண்டு காட்டேலுமோ?"

கைத்தொலைபேசியை நீட்டினான். திரையில் நீண்ட ஒரு பட்டியல். ஒவ்வொரு வரியிலும் ஒரு பேஸ்போல் ஆட்டம். "மொத்த ஓட்டங்கள் 8.5க்கு மேல்: ஆம்", "மொத்த ஓட்டங்கள் 7.5க்கு மேல்: இல்லை" என்று போகிறது. பக்கத்தில் சதத்தில் ஒரு விலை.

"இது பெட்டிங் எல்லே தம்பி?" என்றேன்.

"இல்லை மாமா. இது மார்க்கெட். விலை ஏறும், இறங்கும். வாங்கலாம், விக்கலாம். அரசாங்கம் அனுமதி குடுத்த எக்ஸ்சேஞ்ச்."

அமெரிக்க வரிச் சட்டம் என் தொழில் எல்லைக்குள் வராது, அங்குள்ள கணக்காளரிடம் கேள் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அவன் சொன்ன அந்த 'மார்க்கெட்' என்ற சொல் என்னை விடவில்லை. நான் வணிகமாணிப் பட்டம் எடுத்தவன். சந்தை என்றால் என்ன, சூது என்றால் என்ன என்று பரீட்சைக்குப் பாடமாக்கியவன். அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் கோட்டை யார் கீறினார்கள், எப்போது கீறினார்கள் என்று தேடிப் பார்த்தேன். அந்தத் தேடலைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில், இது எப்படி நடக்கிறது?

கிரிக்கெட் தெரிந்த நமக்கு பேஸ்போல் புரிவது கடினம் அல்ல. ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரு அணிகளும் ஒருமுறை துடுப்பெடுத்தாடும். மூன்று பேர் ஆட்டமிழந்தால் முறை மாறும். முடிவில் இரு அணிகளும் எடுத்த ஓட்டங்களைக் கூட்டினால் வருவதுதான் மொத்த ஓட்டங்கள். யார் வென்றார்கள் என்பது இங்கே கணக்கில் இல்லை.

'எதிர்வுகூறல் சந்தை' எனப்படும் இடத்தில் இந்த மொத்தத்தின் மீது ஓர் ஒப்பந்தம் விற்கப்படுகிறது. "மொத்தம் 8.5க்கு மேல்" என்பது கேள்வி. அரை ஓட்டம் என்று ஒன்று கிடையாது. சமநிலை வராமல் இருக்கவே அந்த அரை. 'ஆம்' 47 சதம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது ஓட்டம் அல்லது அதற்கு மேல் வந்தால் 47 சதம் கொடுத்தவருக்கு ஒரு டொலர் கிடைக்கும். வராவிட்டால் கொடுத்த 47 சதமும் போய்விடும். மறுபக்கத்தில் 'இல்லை' 54 சதம். கூட்டிப் பாருங்கள்: 101. அந்த ஒரு சதம் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான இடைவெளி. அதற்கு மேல் எக்ஸ்சேஞ்சின் கட்டணம் தனி.

ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே விலை மாறும். மூன்றாவது இன்னிங்ஸிலேயே ஆறு ஓட்டங்கள் வந்துவிட்டால் 47 சதம் 80 சதம் ஆகலாம். அந்த நேரம் விற்றுவிட்டு வெளியே வரலாம். மருமகன் 'ட்ரேடிங்' என்று சொன்னது இதைத்தான். பழைய புக்கியிடம் பந்தயம் கட்டினால் எதிர்ப்பக்கம் நிற்பவர் புக்கி. இங்கே எதிர்ப்பக்கம் நிற்பவர் முகம் தெரியாத இன்னொருவர். பல வேளைகளில் அந்த இன்னொருவர் பெரிய கணினிகளோடு இருக்கும் ஒரு வர்த்தக நிறுவனம்.

சிக்காகோவில் கீறிய கோடு

இந்தக் கதை பேஸ்போல் மைதானத்தில் தொடங்கவில்லை, கோதுமையில் தொடங்குகிறது. சிக்காகோ தானியச் சந்தை 1848இல் உருவானது. அறுவடைக்கு முன்னரே விலை பேசி வைக்கும் முன்பேர ஒப்பந்தங்கள் அங்கே வளர்ந்தன. அறுவடையில் விலை விழுந்துவிடுமோ என்று விவசாயிக்குப் பயம். விலை ஏறிவிடுமோ என்று மாவாலைக்காரருக்குப் பயம். இருவரும் இன்றே ஒரு விலைக்கு ஒத்துக்கொண்டால் இருவருக்கும் நித்திரை வரும்.

ஆனால் அந்த ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றில் ஒரு கோதுமை மணிகூடக் கைமாறுவதில்லை. வாங்கியவர் விற்றுக் கணக்கை நேர்செய்துவிடுவார். இதைப் பார்த்து, தந்திக் கம்பி வழியாக வரும் விலைகளைப் பலகையில் எழுதி, சிறு கடைகள் தோன்றின. ஆங்கிலத்தில் இவற்றை 'பக்கெட் ஷொப்' என்றார்கள். சில டொலர்களைக் கட்டி, விலை ஏறும் அல்லது இறங்கும் என்று சொல்லலாம். எதுவும் உண்மையில் வாங்கப்படுவதில்லை. விலை எதிராகப் போனால் கட்டிய காசு கடைக்காரருக்கு. தெருவில் போன எழுதுவினைஞரும் கடைச் சிப்பந்தியும் சம்பளத்தை அங்கே விட்டார்கள்.

சிக்காகோ சந்தை தன் விலைகளை இந்தக் கடைகள் திருடுவதாக வழக்குப் போட்டது. கடைக்காரர் தரப்பு கேட்ட கேள்வி நியாயமானது: நீங்கள் செய்வதிலும்தான் பொருள் கைமாறுவதில்லையே, உங்கள் சந்தையும் சூதாட்டம்தானே? 1905 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சந்தையின் பக்கம் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ். விடயம் தெரிந்தவர்கள் எதிர்காலத்தைக் கணித்து வாங்கி விற்பது, வரப்போவதற்குச் சமூகம் தன்னைத் தயார்செய்துகொள்ளும் ஒரு வழி என்பது அவர் கருத்து. அதே தீர்ப்பில் இன்னொன்றையும் ஒப்புக்கொண்டார்: வல்லவர்கள் வெல்வதைப் பார்த்து வலிமை இல்லாதவர்களும் இறங்கி அழிந்துபோவது உண்டு.

ஆக, கோடு இப்படி விழுந்தது. பின்னால் உண்மையான ஒரு பொருளும், உண்மையான ஒரு பயமும், அதைக் கைமாற்ற வேண்டிய ஒருவரும் இருந்தால் அது சந்தை. இல்லாவிட்டால் அது பக்கெட் ஷொப்.

எட்டுப் பேரும் ஒரு மூடை வெங்காயமும்

கோட்டின் அடுத்த பாடமும் அதே சிக்காகோ நகரத்தோடு சேர்ந்ததுதான். 1919ஆம் ஆண்டு உலகத் தொடரில் சிக்காகோ வைற் சொக்ஸ் அணி சின்சினாட்டி ரெட்ஸிடம் தோற்றது. சூதாடிகளிடம் காசு வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே தோற்றதாக எட்டு வீரர்கள் மீது குற்றச்சாட்டு. முதல் ஆட்டத்தில் பந்து வீச்சாளர் எடி சிகொட் முதல் துடுப்பாட்டக்காரரின் உடம்பில் பந்தை எறிந்தார். ஏற்பாடு உறுதி என்பதற்கு அதுவே அடையாளம். அந்த ஆட்டம் 9-1 என்று முடிந்தது. 1921 ஓகஸ்ட் 2ஆம் திகதி, விசாரணைக்கு நின்ற வீரர்களை யூரிமார் விடுவித்தார்கள். அடுத்த நாளே பேஸ்போல் ஆணையாளர் கெனசோ மவுண்டன் லாண்டிஸ் எட்டுப் பேரையும் விளையாட்டிலிருந்து நிரந்தரமாக விலக்கினார்.

அடுத்தது வெங்காயம். 1955இல் சிக்காகோ மேர்க்கண்டைல் சந்தையில் வின்சன்ட் கொசுகா, சாம் சீகல் என்ற இரு வணிகர்கள் வெங்காயத்தை மலைபோல் வாங்கிக் குவித்துவிட்டு, பிறகு விலை விழும் என்று முன்பேர ஒப்பந்தம் எடுத்துக்கொண்டு சந்தையை நிரப்பினார்கள். 50 இறாத்தல் மூடை 10 சதத்துக்கு இறங்கியது. வெற்றுச் சாக்கின் விலையே அதைவிடக் கூட. விவசாயிகள் கொதித்தார்கள். 1958இல் அமெரிக்க காங்கிரஸ் வெங்காய முன்பேர வணிகத்தையே தடைசெய்தது. சட்டத்தை முன்வைத்தவர் பின்னாளில் ஜனாதிபதியான ஜெரால்ட் ஃபோர்ட்.

இந்த இரண்டு கதைகளும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன. முடிவைத் தன் கையில் வைத்திருப்பவர் சந்தைக்குள்ளும் நின்றால், மற்றவர்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பயனில்லை.

இதை மொத்த ஓட்டங்களுக்குப் பொருத்திப் பாருங்கள். ஒரு தொடரைத் தோற்க 1919இல் எட்டுப் பேர் மீது குற்றம் சாட்ட வேண்டியிருந்தது. மொத்த ஓட்டத்தை ஒன்றோ இரண்டோ கூட்ட, தளர்ந்த ஒரு பந்து வீச்சாளர் போதும். அவருடைய அணி வென்றேகூட விடலாம். இன்னும் சிறிதாக, ஒரே ஒரு பந்து எப்படி விழும் என்பதன் மீது பந்தயம் என்றால் கேட்கவே வேண்டாம். 2025 நவம்பரில் கிளீவ்லாந்து அணியின் இரு பந்து வீச்சாளர்கள் மீது இப்படியான குற்றச்சாட்டை நியூயோர்க்கில் மத்திய அரசின் வழக்குத் தொடுநர்கள் பதிவு செய்தார்கள். இருவரும் மறுத்தார்கள். அதே மாதம், தனிப் பந்து மீதான பந்தயங்களுக்கு 200 டொலர் உச்சவரம்பு கொண்டுவரப்படும் என்று மேஜர் லீக் அறிவித்தது.

அயோவாவிலிருந்து இன்று வரை

எதிர்வுகூறல் சந்தைக்கு ஒரு நல்ல முகமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நியாயம் அல்ல. 1988இல் அயோவா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள், அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலை முன்கூட்டிக் கணிக்கச் சிறிய ஒரு சந்தை தொடங்கினார்கள். ஒருவர் 500 டொலருக்கு மேல் போட முடியாது. நோக்கம் ஆராய்ச்சி. பலருடைய அறிவு ஒரு விலையில் திரளும் என்ற ஹோம்ஸின் எண்ணத்துக்கு அது ஒரு பரிசோதனை.

பின்னர் டப்ளினில் இருந்து இயங்கிய இன்ட்ரேட் வந்தது, 2013இல் மூடப்பட்டது. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுச் சட்டம், பொதுநலனுக்கு எதிரானது என்று கண்டால் விளையாட்டுப் பந்தயம் போன்ற ஒப்பந்தங்களைத் தடுக்கும் அதிகாரத்தைப் பண்ட முன்பேர வணிக ஆணையத்துக்குக் கொடுத்தது. அதே ஆண்டு, திரைப்பட வசூல் மீதான முன்பேர ஒப்பந்தமும் வெங்காயத்தோடு தடைப்பட்டியலில் சேர்ந்தது. 2020இல் அந்த ஆணையத்தின் அனுமதி பெற்ற கால்ஷி நிறுவனம், தேர்தல் ஒப்பந்தங்கள் தொடர்பான வழக்கில் 2024இல் கீழ் நீதிமன்றத்தில் வென்று, 2025 ஜனவரியில் விளையாட்டு ஒப்பந்தங்களையும் தொடங்கியது. நெவாடா, நியூ ஜேர்சி போன்ற மாநிலங்கள், இது எங்கள் அனுமதி இல்லாத பந்தயம், நிறுத்துங்கள் என்று எழுதின. அந்த ஆண்டிலேயே வெவ்வேறு நீதிமன்றங்கள் வெவ்வேறு விதமாகத் தீர்ப்புச் சொல்லின. 1905இல் கேட்ட அதே கேள்வி, 120 ஆண்டுகள் கழித்து மீண்டும் நீதிமன்றப் படி ஏறியது.

நமது கனடாவின் கதை இதைத் திருப்பிப் போட்டது போன்றது. 30 நாளுக்குள் முடியும் 'ஆம்-இல்லை' ஒப்பந்தங்களைத் தனிநபர்களுக்கு விற்பதை, மோசடிகள் பெருகியதால், ஒன்ராறியோ உட்படப் பல மாகாணங்களின் பிணையங்கள் ஒழுங்குமுறை அமைப்புகள் 2017இல் தடைசெய்தன. ஆனால் ஒரே ஒரு ஆட்டத்தின் மீது பந்தயம் கட்டுவது 2021 ஓகஸ்ட் 27 முதல் சட்டபூர்வமானது. 2022 ஏப்ரல் 4 முதல் ஒன்ராறியோவில் தனியார் நிறுவனங்களும் இணையத்தில் நடத்தலாம் என்றானது. எல்லையின் இந்தப் பக்கம் 'பந்தயம்' என்று பெயர் வைத்தால் கதவு திறக்கிறது. அந்தப் பக்கம், விளையாட்டுப் பந்தயம் அனுமதிக்கப்படாத ரெக்சாஸ், கலிபோர்னியாவிலும் 2025இல் 'ஒப்பந்தம்' என்று பெயர் வைத்ததும் திறந்தது. பொருள் ஒன்று, பெயர்தான் வேறு.

எட்டு என்ற சராசரி

"மாமா, இன்ரநாஷனல் மட்ச் வரேக்கை சான்ஸ் கூட" என்றான் மருமகன். எண்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

உலக பேஸ்போல் கிளாசிக் தொடரின் முதல் ஐந்து இறுதியாட்டங்களைப் பாருங்கள். 2006: ஜப்பான் 10, கியூபா 6. 2009: ஜப்பான் 5, தென் கொரியா 3. 2013: டொமினிக்கன் குடியரசு 3, புவேர்ட்டோ ரிக்கோ 0. 2017: அமெரிக்கா 8, புவேர்ட்டோ ரிக்கோ 0. 2023: ஜப்பான் 3, அமெரிக்கா 2. மொத்தங்கள் முறையே 16, 8, 3, 8, 5. கூட்டினால் 40, சராசரி சரியாக 8. ஆனால் கோட்டை 8.5இல் வைத்தால் ஐந்தில் ஒன்றுதான் 'மேல்'. 7.5இல் வைத்தால் ஐந்தில் மூன்று. ஒரே ஒரு ஓட்டம் கோட்டை நகர்த்தினால் உலகமே மாறுகிறது.

இதற்கு மேல் சர்வதேச ஆட்டத்துக்கென்று தனி விதிகள். 2023 தொடரில் ஒரு பந்து வீச்சாளர் முதற்சுற்றில் 65 பந்துகளுக்கு மேல் புதிய துடுப்பாட்டக்காரருக்கு வீச முடியாது. ஆகவே நல்ல வீச்சாளர் பாதியிலேயே போய்விடுவார். ஐந்து இன்னிங்ஸ் முடிய 15 ஓட்ட வித்தியாசம், ஏழு முடிய 10 ஓட்ட வித்தியாசம் என்றால் ஆட்டம் அத்தோடு முடிவு. அந்த ஆண்டு தென் கொரியா சீனாவை 22-2 என்று வென்றது ஐந்தே இன்னிங்ஸில்.

2009 இறுதியாட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஒன்பதாவது இன்னிங்ஸ், கொரியாவின் முறை. இருவர் ஆட்டமிழந்தாயிற்று. ஜப்பான் 3, கொரியா 2. மொத்தம் ஐந்து. '7.5க்கு மேல்: இல்லை' என்று ஒருவர் கையில் வைத்திருந்தால் அவர் ஒரே ஒரு ஆட்டமிழப்புக்குக் காத்திருக்கிறார். கொரியா ஓர் ஓட்டம் எடுத்துச் சமன் செய்கிறது. பத்தாவது இன்னிங்ஸில் இச்சிரோ அடித்த அடியில் இரண்டு ஓட்டங்கள். மொத்தம் எட்டு. பார்த்தவர்கள் அதைப் பெரும் ஆட்டம் என்று இன்றும் பேசுகிறார்கள். காசு போட்டவருக்கு அது ஓர் எண் மட்டும்.

நூறு வரிகள்

அன்று இரவு மருமகனின் பட்டியலைக் கடதாசியில் எடுத்தேன். "நான் கூட வெல்லுறன் மாமா" என்று அவன் சொன்னது பொய் அல்ல. முதல் நூறு வரிகளில் 58 சரி. ஆனால் அவன் வாங்கியவை பெரும்பாலும் வரக்கூடியது என்று எல்லோரும் நினைத்த பக்கம். சராசரி விலை 62 சதம். ஒவ்வொரு முறையும் 500 ஒப்பந்தங்கள். வாங்கச் செலவழித்தது 31,000 டொலர். 58 முறை வென்று திரும்ப வந்தது 29,000 டொலர். நட்டம் 2,000. கட்டணம் அதற்கு மேல். நூற்றுக்கு 58 சரியாகச் சொல்லியும் நட்டம். 62 சதம் கொடுத்தவன் 62 முறைக்கு மேல் வென்றால்தான் தப்பலாம் என்பதை அவன் ஒருமுறைகூடக் கூட்டிப் பார்க்கவில்லை. அடுத்த வரிகளில் 500 என்பது 800 ஆகி, 1,000 ஆகியிருந்தது. இழந்ததைப் பிடிக்கும் ஓட்டம் அது. காசு வந்தது வீட்டுக்கு முற்பணமாகச் சேர்த்த கணக்கிலிருந்து. அது தமக்கைக்குத் தெரியாது.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் பழமொழி. கணக்காளனாக நான் அவனிடம் இரண்டு கேள்விகள்தான் கேட்டேன். இந்த ஒப்பந்தத்தால் யாருடைய பயம் குறைகிறது? கோதுமை விவசாயிபோல, எட்டு ஓட்டமா ஒன்பது ஓட்டமா என்று நித்திரை கொள்ளாமல் கிடப்பவர் யார்? இரண்டாவது, அந்த எண்ணைக் கூட்டக் குறைக்கக்கூடியவர் யார், அவர் உனக்கு எதிர்ப்பக்கம் இல்லை என்பது எப்படித் தெரியும்? அவன் கனநேரம் யோசித்தான். பிறகு, "பயந்து நித்திரை கொள்ளாமல் கிடக்கிறது நான் ஒருத்தன்தான் மாமா" என்றான்.

அதைவிடச் சரியான பதிலை எந்த நீதிமன்றமும் எழுதாது. காலையில் அவனே தாயாரிடம் போய்ச் சொன்னான். அழுகை, கோபம் எல்லாம் நடந்தது. அது குடும்பத்து விடயம். கணக்கை மூடிவிட்டதாகப் போன கிழமை தொலைபேசியில் சொன்னான். நம்புகிறேன், மாத முடிவில் வங்கிக் கூற்றை இருவரும் சேர்ந்து பார்ப்பது என்றும் பேசியிருக்கிறோம்.

2009 மார்ச் 7ஆம் திகதி இங்கே ரொறன்ரோவில், கூரை மூடிய அரங்கில் கனடா அமெரிக்காவை எதிர்த்து ஆடியபோது, சிறுவனாயிருந்த அவனையும் என் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனேன். 6-5 என்று ஒரே ஓட்டத்தால் தோற்றோம். வீடு வரும்வரை அந்த ஒரு ஓட்டத்துக்காக அவன் அழுதுகொண்டு வந்தான். மொத்தம் பதினொன்று என்பது அன்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவே இல்லை.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை "இது மார்க்கெட்" என்று சொல்லக்கூடும். திட்ட வேண்டாம். ஒரு கடதாசியும் பேனையும் எடுத்துப் பக்கத்தில் இருங்கள். சேர்ந்து கூட்டிப் பாருங்கள்.

மீண்டும் அடுத்த மாத உரையில் சந்திப்போம்.